மணி அடித்தால் மட்டும் போதுமா?



ஆண்டு மலர் என்றால் நட்பைப் பற்றி நாலு கவிதை, காதலைப் பற்றி எட்டுக் கவிதை, "இளைஞனே எழுந்து வா" என்று ஒரு கட்டுரை கட்டாயம் இருக்கும். எழுந்து வரச் சொல்கிறார்கள், சரி. எதில் வருவது? நம்மில் நிறையப் பேர் பஸ் படிக்கட்டில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு வருகிறோம். கொஞ்சம் பேர் டூவீலரில். மிச்சம் இருப்பவர்கள் சைக்கிளில். இந்த மிச்சக்காரர்களைப் பற்றி யாரும் எழுதுவதாகக் காணோம். ஆகவே இந்த இரண்டு மூன்று பக்கங்களை அவர்களுக்காக எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்களும் படிக்கலாம், நாளைக்கு இவர்கள் பக்கத்தில்தான் நீங்களும் வண்டி ஓட்டப் போகிறீர்கள்.

சென்னையில் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றி எல்லோரிடமும் ஒரு கருத்து உண்டு. ஓட்டாதவர்களிடம் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. "உயிர் மேல ஆசை இல்லையாடா?" என்பார் ஒருவர். "உடம்புக்கு நல்லது தம்பி, விடாதே" என்பார் இன்னொருவர், ஏசி காரிலிருந்து இறங்கிக்கொண்டே. மூன்றாவது ஆள்தான் நறுக்கென்று கேட்பார்: "இன்னுமா சைக்கிள்?"

இந்த 'இன்னுமா' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. சைக்கிள் என்பது வசதி வரும்வரை ஓட்டவேண்டிய ஒன்று, அதற்குமேல் ஓட்டினால் அவமானம் என்று ஊரே முடிவு கட்டி வைத்திருக்கிறது. பெரிய கடைகளின் வாசலில் பாருங்கள். காருக்கு டோக்கன், பைக்குக்கு டோக்கன். சைக்கிளை உருட்டிக்கொண்டு போனால் காவலாளி கையை ஆட்டி, "அப்படி ஓரமா, மரத்தடியில போடுப்பா" என்பார். அவரே வேலை முடிந்து சைக்கிளில்தான் வீட்டுக்குப் போவார்!

இத்தனைக்கும் சைக்கிள் நமக்கு அந்நியம் இல்லை. அம்பத்தூரில் தொழிற்சாலை வைத்த டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் ஆரம்பித்தது 1949-ல். ஹெர்குலிஸ் என்றும் பி.எஸ்.ஏ. என்றும் நம் தாத்தாக்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்ட வண்டிகளை அந்த நிறுவனம்தான் செய்தது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. கல்குவாரியில் வேலை செய்தவர்கள், வயல் வேலைக்குப் போனவர்கள், கிராமச் செவிலியர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் ஹேண்டில்பாரைப் பிடித்தார்கள். யாரையும் எதிர்பார்க்காமல் சந்தைக்கும் வேலைக்கும் தானே போய்வர முடியும் என்ற தைரியம் அதில் வந்தது. அதற்குப் பிறகு 2000-களில் அரசு விலையில்லா மிதிவண்டித் திட்டம் வந்தது. அது பதினோராம் வகுப்பில் கிடைப்பது. பத்தாவது முடித்து நேராக டிப்ளமோ சேர்ந்தவர்களுக்கு அந்த யோகம் இல்லை. பிளஸ் டூ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டு வந்தவர்கள் அந்த வண்டியையே இங்கேயும் ஓட்டி வருகிறார்கள். முன்னாலே கூடை கழன்று போயிருக்கும். வண்டி மட்டும் போகும்.

ஆக, வண்டிக்குக் குறைச்சல் இல்லை. மதிப்புக்குத்தான் குறைச்சல். இந்த மதிப்புக் குறைச்சல் நம் ஓட்டுகிற விதத்தையும் கெடுத்துவிட்டது என்பதுதான் நான் சொல்ல வருவது.

கவனித்துப் பாருங்கள். சென்னையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இரண்டு வகை. ஒருவன் 'நான் இங்கே இருக்கவே கூடாது' என்பது போலச் சாலையின் விளிம்பில், மண்ணிலும் சாக்கடை மூடியிலும் குதித்துக் குதித்துப் போவான். இன்னொருவன் 'நமக்கு லைசன்ஸும் கிடையாது, நம்பர் பிளேட்டும் கிடையாது, யார் கேட்பா?' என்று ராங் சைடில் வருவான், சிக்னலைத் தாண்டுவான், இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் நுழைவான். ஒருவன் பயந்தாங்கொள்ளி, ஒருவன் வீரன் என்று தோன்றும். என்னைக் கேட்டால் இரண்டு பேரும் ஒன்றுதான். சாலையில் தனக்கும் ஒரு இடம் உண்டு என்று இரண்டு பேருமே நம்பவில்லை. இடம் உண்டு என்று நம்புகிறவன் ஒளியவும் மாட்டான், திருடவும் மாட்டான். நேராக, நிதானமாக, நாலு பேருக்குத் தெரிகிற மாதிரி போவான்.

சாலை மரியாதை என்றால் நான் சொல்வது இதைத்தான். வழிவிட்டுக் கும்பிடு போடுவது இல்லை. நாம் அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பது பின்னால் வருகிறவனுக்கு முன்கூட்டியே தெரியவேண்டும். அவ்வளவுதான். சைக்கிள்காரனுக்கு இதைவிட்டால் வேறு கவசம் கிடையாது.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டிப்ளமோ படிக்கிறோம், கணக்கு இல்லாமல் பேசினால் நன்றாயிருக்காது. என் சைக்கிளில் முன்பல் சக்கரத்தில் 48 பல், பின்னால் ஃபிரீவீலில் 18 பல். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் 2.67 சுற்று. 28 இஞ்ச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். ஆகப் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி கிட்டத்தட்ட 5.9 மீட்டர் நகரும். நிமிஷத்துக்கு 50 சுற்று மிதித்தால், அது ஒன்றும் பெரிய மிதி இல்லை, மணிக்கு 17, 18 கிலோமீட்டர் வேகம் வரும். சைதாப்பேட்டையிலிருந்து மறைமலையடிகள் பாலம் ஏறி, சின்னமலை தாண்டி, ராஜ்பவன், காந்தி மண்டபம், மத்திய கைலாஷ் என்று போகிற மாதிரி 7 கிலோமீட்டர் தூரத்தைச் சிக்னல்களையும் சேர்த்து அரை மணி, முப்பத்தைந்து நிமிஷத்தில் முடிக்கலாம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் கூட்டிப் பார்த்தால் சைக்கிள் ஒன்றும் தோற்றுப் போகாது.

இப்போது அடுத்த கணக்கு. மணிக்கு 18 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 5 மீட்டர். எதிரே ஒருவர் குறுக்கே வருகிறார். கண் பார்த்து, மூளை சொல்லி, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு வினாடி. அதற்குள் 5 மீட்டர் போயாச்சு. நல்ல பிரேக் என்றால் அதற்குப் பிறகு நிற்க இன்னொரு 4 மீட்டர். மொத்தம் 9 மீட்டர். ரிம் நனைந்திருந்தாலோ, பிரேக் கட்டை தேய்ந்திருந்தாலோ இதைவிட எவ்வளவோ அதிகம். "சைக்கிள்தானே, உடனே நின்னுடும்" என்பது தப்பு.

இன்னொன்று. நாமும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்று வையுங்கள், வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர். பக்கத்தில் ஆள் நிறைந்த பஸ், சுமார் 15 டன், மணிக்கு 40 கிலோமீட்டர். இயக்க ஆற்றல் நிறைக்கும் வேகத்தின் வர்க்கத்துக்கும் ஏற்ற மாதிரி கூடும் என்று முதலாண்டு பௌதிகத்தில் எழுதி மார்க் வாங்கினோமே, அதைப் போட்டுப் பாருங்கள். பஸ்ஸின் ஆற்றல் நம்மைப்போல 1,300 மடங்குக்கு மேல் வருகிறது. இந்த வித்தியாசத்தை வீரத்தால் சரிக்கட்ட முடியுமா? டிரைவர் நம்மைப் பார்க்கவேண்டும், நாம் எங்கே போகிறோம் என்று அவர் தெரிந்துகொள்ள வேண்டும். வேறு வழியே இல்லை.

அதனால் சில பழக்கங்கள். உபதேசம் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்கிறேன், சரியா தப்பா என்று நீங்களே பாருங்கள்.

முதலில், ஓரத்துக்கும் ஓரம் போகாதீர்கள். விளிம்பிலிருந்து ஒரு கை நீளமாவது தள்ளிப் போங்கள். விளிம்பில் மணல் இருக்கிறது, சாக்கடை மூடி இருக்கிறது, நிறுத்தி வைத்த காரின் கதவு படாரென்று திறக்கிறது. அப்போது நாம் திடீரென்று வலது பக்கம் ஒடிப்போம். பின்னால் வருகிற வண்டிக்கு அதுதான் அதிர்ச்சி. முதலிலிருந்தே ஒரே கோட்டில் போனால் அவன் நம்மைப் பார்த்துச் சுற்றிக்கொண்டு போவான். ஹாரன் அடிப்பான், அடிக்கட்டும். ஹாரன் அடிக்கிறான் என்றால் நம்மைப் பார்த்துவிட்டான் என்று அர்த்தம்!

இரண்டாவது, இடது பக்கம் திரும்புகிற பஸ், லாரிக்கு இடது பக்கத்தில் நுழையவே நுழையாதீர்கள். நீண்ட வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் மாணவர்கள் இதைப் படம் போட்டே காட்டுவார்கள். அந்த இடுக்கில் நாம் இருந்தால் டிரைவர் கண்ணாடியிலும் தெரியமாட்டோம்.

மூன்றாவது, கையைக் காட்டுங்கள். வலது பக்கம் திரும்ப வலது கையை நன்றாக நீட்டி, ஒருமுறை திரும்பிப் பார்த்து, பிறகு போங்கள். அண்ணா சாலை மாதிரி பெரிய சாலைகளில் அதுகூட வேண்டாம். இறங்கி, சிக்னலில் நடப்பவர்களோடு சேர்ந்து உருட்டிக்கொண்டு கடந்துவிடுங்கள். இரண்டு நிமிஷம் போகும். சைக்கிளுக்கு இருக்கிற பெரிய வசதியே இதுதான். நினைத்தால் அந்த நொடியே நடப்பவனாக மாறிவிடலாம்.

நான்காவது, விளக்கு. அந்தக் காலத்தில் சைக்கிளுக்கு லைசன்ஸ் வில்லை இருந்ததாம், டைனமோ எரியாமல் போனாலும் டபுள்ஸ் போனாலும் போலீஸ்காரர் வால்வைப் பிடுங்கிவிட்டு உருட்டிக்கொண்டு போகச் சொல்வாராம். பெரியவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். இன்றைக்கு நம்மை யாரும் பிடிப்பதில்லை. பிடிக்காததால் விளக்கே இல்லாமல் போய்விட்டது. லேப் முடிந்து, லைப்ரரி முடிந்து ஆறரை மணிக்குக் கிளம்புகிறோம், டிசம்பரில் இருட்டிவிடுகிறது. பின்னால் மினுக்குகிற சிவப்பு விளக்கு ஒரு சினிமா டிக்கெட் விலைக்கே கிடைக்கிறது. அதுவும் முடியாவிட்டால் பின் மட்கார்டில் ஒரு சாண் வெள்ளைப் பெயிண்ட் அடியுங்கள்.

ஐந்தாவது, காதில் பாட்டு வேண்டாம். நமக்குப் பின்பக்கம் கண் கிடையாது, கண்ணாடியும் கிடையாது. காதுதான் கண்ணாடி. அதையும் அடைத்துக்கொண்டால் என்ன மிச்சம்?

மழைக்காலத்துக்குத் தனியாக ஒரு வார்த்தை. தண்ணீர் தேங்கின சாலையில் ஓரமாகப் போவதுதான் ஆபத்து. மூடி திறந்த சாக்கடையும் மெட்ரோ வேலைக்கும் கேபிளுக்கும் தோண்டின பள்ளமும் ஓரத்தில்தான் இருக்கும். முன்னால் ஒருவர் போன தடத்தில் போங்கள். முட்டிக்கு மேல் தண்ணீர் என்றால் இறங்கித் திரும்பி விடுங்கள். ஒரு நாள் அட்டெண்டன்ஸுக்காக உயிரைக் கொடுக்க வேண்டியதில்லை.

இதுவரை சொன்னது நம்மைக் காப்பாற்றிக்கொள்ள. ஆனால் சைக்கிள்காரனாலும் அடுத்தவனுக்கு அடிபடும். இதைச் சொன்னால் நம் ஆட்களுக்குக் கோபம் வருகிறது. ஏதோ நாம் மட்டும்தான் சாலையில் ஏழை என்று ஒரு நினைப்பு. நம்மைவிட ஏழை ஒருவர் உண்டு, நடந்து போகிறவர்.

நம் சிவில் பிரிவுப் பையன் ஒருவன். பெயர் வேண்டாம், நல்ல பையன். காலையில் லேட்டாகிவிட்டது. ஸ்டாப்பில் பஸ் நிற்கிறது. வலது பக்கம் நெரிசல். பஸ்ஸுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் ஒரு மூன்றடி இடம் இருக்கிறதே என்று மணியை அடித்துக்கொண்டே உள்ளே விட்டான். அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா கூடையோடு இறங்கினார். பூ விற்கிறவர். கீழே விழுந்து கையை ஊன்றினதில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. பையனுக்கு முட்டியில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவனே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். வகுப்பில் ஆளுக்கு இருபது, முப்பது போட்டுக் கொடுத்தோம். ஆனால் அந்த அம்மா ஒன்றரை மாதம் பூக் கட்டவில்லை. பூக் கட்டுவதற்கு இரண்டு கையும் வேண்டும். "மணி அடிச்சேண்டா" என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். அடித்தான், உண்மைதான். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவருக்குச் சைக்கிள் மணி எங்கே கேட்கும்? கேட்டாலும் ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலும் இருப்பவர் எங்கே ஒதுங்குவார்?

மணி என்பது 'நான் வருகிறேன்' என்று சொல்வதற்கு. 'நீ ஒதுங்கு' என்று சொல்வதற்கு இல்லை. நாம் இதைக் குழப்பிக்கொள்கிறோம். நம்மைப் பார்த்துக் கார்க்காரன் ஹாரன் அடிக்கும்போது எவ்வளவு எரிச்சல் வருகிறதோ, அதே எரிச்சல் நடப்பவருக்கு நம் மணியில் வரும். பிளாட்பாரத்தில் சைக்கிள் ஏற்றுவது, ஜீப்ரா கோட்டில் முன்சக்கரத்தை நீட்டிக்கொண்டு நிற்பது, ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு இடது பக்கம் நுழைவது, இந்த மூன்றையும் விட்டாலே பாதி மரியாதை வந்துவிடும். பஸ் நின்றால் நாமும் நிற்போம். அது கிளம்ப அரை நிமிஷம் ஆகுமா?

அதேபோல, சாலையில் நம்மோடு மிதிக்கிறவர்கள் எல்லோரும் நம்மைப்போலப் பையைத் தோளில் மாட்டியவர்கள் இல்லை. விடியற்காலையில் பேப்பர் போடும் பையன், கேரியரில் தண்ணீர் கேன் கட்டிய அண்ணன், மீன்பாடி வண்டியில் கம்பி ஏற்றிவரும் பெரியவர். பாரத்தோடு வருகிறவர் நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவதற்குள் மூச்சு வாங்கிவிடும். மேட்டிலும் பாலத்திலும் அவருக்கு முதலில் வழி விடுங்கள். முடிந்தால் இறங்கி ஒரு கை தள்ளிவிடுங்கள். "நல்லாயிருப்பா" என்பார். செமஸ்டர் மார்க்கைவிட அது பெரிசு.

இன்னொரு விஷயம், ஆண் நண்பர்களுக்கு. சைக்கிளில் வரும் மாணவிகள் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போவது, இரண்டு பேர் இரண்டு பக்கமும் சேர்ந்து ஓட்டிக் கமெண்ட் அடிப்பது, பெல்லை விடாமல் அடிப்பது, இதெல்லாம் ஹீரோத்தனம் என்று எந்தப் படத்தில் கற்றுக்கொண்டார்களோ தெரியாது. சைக்கிள் ஓட்டுகிறவருக்குக் கவனம் சிதறினால் விழுவது லாரிக்கு முன்னால்தான். பல வீடுகளில் பெண்ணுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுக்காததற்கு டிராஃபிக்கைவிட இவர்கள்தான் காரணம். புதுக்கோட்டைப் பெண்கள் சம்பாதித்துக் கொடுத்த சுதந்திரத்தைச் சென்னைப் பையன்கள் பிடுங்கலாமா?

"எல்லாம் சரிதான், ரோட்டுல நம்மை எவன் மதிக்கிறான்? நாம மட்டும் எதுக்கு மரியாதையா போகணும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் இல்லாத போக்குவரத்துக்கு என்று தனிக் கொள்கை வகுத்தது. நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் முதலிடம் என்பது அதன் சாரம். 2019-ல் வாடகைச் சைக்கிள் நிலையங்களும் வந்தன. இருந்தும் நம் தினசரி வழியில் சைக்கிளுக்கு என்று ஒரு கோடு உண்டா என்று தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆகக் கோபப்பட நமக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தக் கோபத்தைக் காட்ட வேண்டிய இடம் மனு, கூட்டம், கையெழுத்து. ராங் சைடில் ஓட்டிக் காட்டினால் "பார்த்தியா, இவங்களுக்கு எதுக்குத் தனிப் பாதை?" என்று சொல்ல அவர்களுக்கு நாமே காரணம் கொடுத்த மாதிரி ஆகும். ஒழுங்காக ஓட்டுகிறவன் கேட்டால்தான் கேள்விக்குப் பலம்.

கேட்பதை நம் வீட்டிலிருந்தே தொடங்கலாம். மாணவர் சங்கத்துக்கு மூன்று கோரிக்கை வைக்கிறேன். ஒன்று, சைக்கிளுக்குக் கூரை போட்ட ஸ்டாண்டு. வெயிலில் நின்றால் டியூப் வெடிக்கிறது, மழையில் நின்றால் செயின் துருப்பிடிக்கிறது. இரண்டு, ஸ்டாண்டில் ஒரு காற்றடிக்கிற பம்ப், பஞ்சர் ஒட்டுகிற சாமான், நாலு ஸ்பேனர். மூன்று, மாதம் ஒரு சனிக்கிழமை மெக்கானிக்கல் மாணவர்கள் முன்னின்று இலவசச் சோதனை: பிரேக் கட்டை மாற்றுவது, செயின் இறுக்குவது, சக்கரத்தில் கோட்டம் எடுப்பது, விளக்கு இல்லாத வண்டிக்கு வெள்ளைப் பெயிண்ட். மூன்று வருஷம் ஒர்க்‌ஷாப்பில் ரம்பம் பிடித்து ஃபைல் தேய்த்த கை இது. நம் வண்டிக்கு நாமே செய்ய முடியாதா என்ன?

கடைசியாக ஒன்று. இந்த மலரைப் படிக்கிற பலர் இன்னும் கொஞ்ச நாளில் கேம்பஸ் இன்டர்வியூவில் தேறி, ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ வேலைக்குச் சேர்வீர்கள். முதல் மூன்று மாதச் சம்பளத்தில் முன்பணம் கட்டி பைக் எடுப்பீர்கள். எடுங்கள், சந்தோஷம். சைக்கிளையே கட்டிக்கொண்டு அழச் சொல்லவில்லை. ஆனால் மிதித்த நாட்களில் காலுக்குத் தெரிந்த ஒன்றை ஆக்ஸிலரேட்டர் பிடிக்கும் கை மறந்துவிடக் கூடாது. மேட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு ஒருவன் முன்னால் போய்க்கொண்டிருப்பான். ஹாரனில் விரல் போகும். அந்த விரலை எடுத்துவிட்டு, வேகத்தைக் குறைத்து, மூன்றடி தள்ளி அவனைக் கடந்து போங்கள். அவனும் ஏதோ ஒரு பாலிடெக்னிக்கில் முதல் பீரியடுக்கு லேட்டாகப் போய்க்கொண்டிருப்பவனாக இருக்கலாம்.

— மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை